பிணம் தேடிய வைஃபை

ஃபோன் அலறியது.

றெபேக்கா எடுக்கவில்லை.

மொன்றியலின் லாசால் பகுதியில் ஒரு பொதி கட்டும் தொழிற்சாலை. திறந்த லப்டொப்பை இடது கையில் ஏந்தியபடி அவள் மெதுவாக நடந்து கொண்டிருந்தாள். லப்டொப்பின் பக்கவாட்டில் ஒரு குட்டி அன்டெனா. திரையில் ஓர் எண் ஓடிக்கொண்டிருந்தது.

மைனஸ் எண்பது... மைனஸ் அறுபத்தைந்து... மைனஸ் நாற்பது...

எண் சிறுக்கச் சிறுக்க, தேடும் பொருள் நெருங்குகிறது என்று அர்த்தம்.

பின்னால் மனேஜர் தனுஜன் வந்தான். வெளியே மைனஸ் பதினெட்டுக் குளிர். அவனுக்கோ வியர்த்திருந்தது.

"எந்த வேலைக்காரன் களவா றவுட்டர் பூட்டினவன் எண்டு சொல்லுங்கோ அக்கா! இண்டைக்கே வேலையால கலைச்சு விடுறன்!"

றெபேக்கா திரையைவிட்டுக் கண் எடுக்கவில்லை. அவள் பொதுவாகவே அதிகம் பேசுகிறவள் அல்ல.

மைனஸ் இருபத்தெட்டு.

நின்றாள். எதிரே மனேஜரின் அறை. மேசை. அதில் பூட்டிய இழுப்பறை.

"இதைத் திறவுங்கோ தம்பி."

"அது... அக்கா... என்ர ஃபோனுக்கு ஒரு சின்ன..."

"சரி. கலைக்கிறதெண்டு சொன்னீங்கதானே. உங்களையே கலைச்சு விடுங்க!"

ஃபோன் மறுபடி அலறியது. இந்தத் தடவை எடுத்தாள்.

"அக்கா... யதுவைப் பிடிச்சிட்டாங்கள்!"

நிருஷா. வைஃபை சோதனை செய்யும் றெபேக்காவின் சின்ன அலுவலகம் இருக்கும் கட்டடத்தைத் துப்புரவு செய்பவள். கணவன் யதுர்ஷன். இருவரும் பியர்பொன்ட்ஸில் குலேந்திரன் என்பவரின் வீட்டு பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருப்பவர்கள்.

இருந்தவர்கள் என்று சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை, அந்த பேஸ்மென்ற் படியின் அடியில் குலேந்திரன் மண்டை பிளந்து கிடந்தார். வாசலில் ஐஸ் உடைக்க வைத்திருந்த இரும்புக் கம்பியைக் காணவில்லை.

"எப்ப பிடிச்சவங்கள்?"

"நேற்றுப் பின்னேரம். இண்டைக்கு மூண்டு மணிக்குக் கோட்டில நிப்பாட்டி கொலைக்கேஸ் போடப் போறாங்களாம்! அடுத்த கிழமை எங்கட அகதி விசாரணை அக்கா... கேஸ் விழுந்தா எல்லாம் முடிஞ்சுது!"

"என்ன ஆதாரம் வச்சிருக்கினம்?"

"கொலை நடந்த நேரம் அந்த வீட்டு வைஃபையில ஆரோ தெரியாத ஒரு ஃபோன் இணைஞ்சிருந்ததாம். றவுட்டரில பதிஞ்சிருக்காம். வீட்டில வேற ஆர் இருக்கினம், நீங்கள்தான் பாஸ்வேர்ட் களவெடுத்திருப்பியள் எண்டுறாங்கள்!"

"எடுத்தவரோ?"

"யது கடைக்குப் போனவர் அக்கா. பாஸ்வேர்டைச் சொந்த மனுசிக்கே குடுக்காத மனுசன் அந்தக் குலேந்திரன்! வைஃபையின்ர பேரைக்கூட ஒளிச்சுத்தான் வச்சிருந்தது. ஃபோனில தேடினா வராது."

றெபேக்கா லப்டொப்பைப் பட்டென்று மூடினாள்.

 

"அக்கா? லைனில நிக்கிறீங்களோ?"

"பேரை ஒளிச்சு வச்சிருந்ததோ?"

"ஓம். போன சனிக்கிழமைதான் புதுசு வாங்கிப் பூட்டினது. அதுக்கு ஒரு பேர் வேற..."

"செத்தவீடு எப்ப?"

"இண்டைக்குத்தான். பதினொரு மணிக்குப் பார்வைக்கு வைக்கினம். ஒரு மணிக்கு எரிக்கினம். ஏன்?"

"நான் அங்க போகோணும்."

"அங்க என்ன அக்கா இருக்கு?"

"எல்லாரும் இருப்பாங்க. கொலை செய்தவனும்."

"அவன் ஏன் வாறான்!"

"வராட்டிச் சனம் கதைக்குமே."

நிருஷா மூக்கை உறிஞ்சினாள். "ஆனந்தராசா அண்ணையிட்டச் சொல்லுறன். அவர் வந்து ஏத்திக்கொண்டு போவார். பொலிஸிட்டயும் யதுவுக்காக அவர்தான் கதைச்சவர். தங்கமான மனுசன்."

தங்கமான மனுசன் இருபது நிமிடத்தில் ஃபோனில் அழைத்தார். "பிள்ளை, கீழ வாங்கோ. கார் நிக்குது."

ஆனந்தராசாவுக்கு அறுபது வயது. நாற்பது குடும்பம் மட்டுமே உள்ள ஓர் ஊர்ச் சங்கத்துக்குப் பதினாறு வருடமாகத் தலைவர். குளிர்க்கோட்டின் மேல் சங்கத்தின் சின்னத்தைக் குத்தியிருந்தார். அதை அவர் படுக்கும்போதாவது கழற்றுவாரா என்பது சந்தேகம்.

"பிள்ளை எந்த ஊர்?"

"மட்டக்களப்பு."

"ஆ..."

யாழ்ப்பாணத்துக்காரர் கிழக்குக்காரரைப் பார்த்துச் சொல்லும் அந்த 'ஆ' ஒரு கிலோமீட்டர் நீளம் இருந்தது. அதற்குள் அவளை எடை போட்டு, கழித்து, ஓரமாகவும் வைத்துவிட்டார்.

திடீரென்று காருக்குள் கெட்டிமேளம் முழங்கியது! தவில், நாதஸ்வரம், எல்லாம்! ஆனந்தராசா சாவகாசமாகத் தன் ஃபோனை எடுத்து, "பேந்து கதைக்கிறன்" என்று சொல்லி வைத்தார்.

"செத்தவீட்டுக்கெல்லோ போறம். அதைக் குறைக்கிறதில்லையோ?"

"தலைவற்ற ஃபோன் அடிக்கத்தான் செய்யும் பிள்ளை! என்ர மகள் போட்டு விட்ட பாட்டு. எனக்கு உதுகளை மாத்தத் தெரியாது. தெரிஞ்சு என்ன செய்யிறது? உதெல்லாம் சின்னாக்களின்ர வேலை."

"குலேந்திரன் அண்ணையோட பழக்கமோ?"

"அந்தக் கஞ்சனோடயோ? அவன்ர வாசல் மிதிச்சு மூண்டு வருசம்! வாற ஞாயிற்றுக்கிழமைச் சங்க எலெக்ஷனில எனக்கு எதிரா நிக்கிறதெண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சவன். எனக்கு எதிரா! ம்... செத்துப் போனான். விடு. செத்தவீடு செத்தவீடுதானே." லப்டொப்பைக் கடைக்கண்ணால் பார்த்தார். "உது என்னத்துக்கு?"

"ஸ்கேன் பண்ண."

"என்னத்தை?"

"வைஃபையை."

"செத்தவீட்டில ஆர் பிள்ளை றவுட்டர் பூட்டப் போறது! பிணமோ?"

சிரித்த சிரிப்பில் அவருடைய வயிறு ஸ்டியரிங்கில் இடித்தது. றெபேக்கா சன்னலுக்கு வெளியே திரும்பினாள். சாலையோரத்துப் பனி அழுக்காகியிருந்தது.  மண்டபம் வரும்வரை அவர் பேச்சை ஒரு நிமிடம்கூட நிறுத்தவில்லை.

மண்டபம் நிரம்பி வழிந்தது.

குலேந்திரன் உயிரோடிருந்தபோது அவரோடு தேநீர் குடிக்க ஒருவரும் முன்வந்ததில்லை. இன்றைக்கு இருநூறு பேர்! பாதிப் பேர் அழுதார்கள். மீதிப் பேர் அதை லண்டனுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நேரலையாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பெட்டியின் தலைமாட்டில் மனைவி பாலாம்பிகை. கண்ணில் ஒரு துளி நீரில்லை. முகத்தில் ஒரு பெரிய களைப்பு மட்டும்.

பின்வரிசையில், கைகளைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தான் ஆரூரன். பொலிஸ் துப்பறியும் பிரிவு. மொன்றியலில் பிறந்தவன். யதுர்ஷனைப் பிடித்தவன்.

"நீங்கதான் நிருஷா சொன்ன அந்த வைஃபை ஆன்ட்டியோ?"

"றெபேக்கா. எனக்கு முப்பத்தெட்டு."

"பார்தோன், மன்னிக்கோணும். சொல்லுங்கோ ஆன்ட்டி."

அவள் சுற்றிப் பார்த்தாள். ஆனந்தராசா வாசலில் பனிச்சப்பாத்தைக் கழற்றுவதற்குள் பதினைந்து பேரிடம் கை குலுக்கிக் கொண்டிருந்தார்.

"சாதாரண றவுட்டர் தன்ர பேரைச் சொல்லிக் கூவிக்கொண்டே இருக்கும். ஃபோன் சும்மா இருந்து கேட்டாப் போதும். பேரை ஒளிச்சு வச்சா றவுட்டர் வாய் திறக்காது. அப்ப ஃபோன் என்ன செய்யும்?"

"என்ன செய்யும்?"

"ஃபோன் கூவும். ஒருக்கா அதில இணைஞ்சிட்டாப் போதும். மறுகா போற இடமெல்லாம், 'இருக்கிறியா, இருக்கிறியா' எண்டு பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே திரியும். பொக்கற்றுக்குள்ள கிடந்தாலும்."

ஆரூரனின் சிரிப்பு பாதியில் நின்றது.

"அந்த றவுட்டர்ர பேர் என்ன?" என்றாள்.

"களவெடுக்காதே. இங்கிலிஷ் எழுத்தில."

"யதுர்ஷன்ர ஃபோனில அந்தப் பேர் இருந்ததோ?"

"இல்லை. அழிச்சிருப்பான்."

"சரி. அழிக்கத் தெரியாத ஒருத்தனைத் தேடுவம். சனிக்கிழமை பூட்டின றவுட்டர். மனுசிக்கும் குடுக்கேல்ல. இங்க ஒரு ஃபோன் அந்தப் பேரைக் கூப்பிட்டா, அது செவ்வாய்க்கிழமை அங்க நிண்ட ஃபோன். ஒருத்தரிட்டயும் சொல்லாதீங்க."

"நான் பொலிஸ் ஆன்ட்டி!"

அவன் சொன்ன விதத்தில் அது ஒரு பதில் போலவே இருந்தது.

றெபேக்கா லப்டொப்பைத் திறந்தாள். ஸ்கேனர் ஓடத் தொடங்கியது. மண்டபத்தின் வைஃபை. பக்கத்துக் கடையின் வைஃபை. யாருடைய காரோ. பிறகு...

KALAVEDUKATHE.

மைனஸ் முப்பத்தாறு!

கூப்பிடும் ஃபோன் பக்கத்தில்தான். ஓரிரண்டு மீட்டருக்குள்!

"என்ன பிள்ளை, றவுட்டர் கிடைச்சுதோ?"

தோளுக்குப் பின்னால் ஆனந்தராசா. அவள் திரையைச் சாய்த்தாள். "இன்னும் இல்ல."

"நான் கூட வாறன். தனியத் திரிஞ்சா, ஆர் இவள் எண்டு சனம் கேக்கும். தலைவரோட வந்தா ஒருத்தனும் கேக்க மாட்டான்."

முதலில் செத்தவரின் தம்பி அருளம்பலத்திடம் போனாள். சொத்துச் சண்டைக்காரர் என்று ஊரே சொல்லும். மைனஸ் முப்பத்தாறு. அடேயப்பா!

பிறகு பாலாம்பிகைக்கு அருகே. மைனஸ் முப்பத்தாறு.

வீடியோ எடுக்கும் இளந்தாரிகளிடம். மைனஸ் முப்பத்தேழு.

வாசலில். மைனஸ் முப்பத்தாறு.

எங்கே போனாலும் ஒரே எண்! அன்டெனா பழுதா? ஒவ்வொரு இடத்திலும் ஆனந்தராசா அவளை அறிமுகப்படுத்திக் கொண்டிருந்தார். "இது கொம்பியூட்டர்ப் பிள்ளை. மட்டக்களப்பு. பாவம், ஏதோ தேடுது."

எரிச்சலோடு பெண்களின் கழிப்பறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள். லப்டொப்பைக் கைகழுவும் தொட்டியின் மேல் வைத்தாள்.

திரையைப் பார்த்தாள்.

மைனஸ் எழுபத்திரண்டு!

குழாய் சொட்டியது. அவள் மண்டபத்தில் நடந்த வழி முழுவதையும் மனதுக்குள் மெதுவாக ஒருமுறை நடந்து பார்த்தாள்.



மண்டபம் முழுக்க ஒரே எண். இங்கே வந்ததும் எகிறிவிட்டது. அன்டெனாவில் பழுதில்லை. தேடிய ஃபோன் அவளோடு கூடவே நடந்திருக்கிறது! ஒரு சங்கத் தலைவர் பின்னால் வர முடியாத ஒரே இடம் இதுதான்!

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

ஆனந்தராசாவைக் காணவில்லை.

ஆரூரன் மட்டும் நின்றான். வாயில் ஒரு பிஸ்கட்.

"எங்க அவர்?"

"ஆனந்தராசா அங்கிளோ? இப்பத்தான் முன்னுக்குப் போனவர். நீங்க என்னத்தைத் தேடுறீங்க எண்டு கேட்டார். பாவம், அவருக்கு ஒண்டும் விளங்கேல்லை. கொலைகாரன்ர ஃபோன் வைஃபையைக் கூப்பிடுதாம் எண்டன். ரெண்டு பேரும் நல்லாச் சிரிச்சம்!"

"சொல்லிட்டீங்களோ!"

"அவர் தலைவர் ஆன்ட்டி. பயமில்லை."

 சொல்லத் தகுந்த சொல் எதுவும் பொது இடத்தில் சொல்லத் தகுந்ததாக இல்லை.

லப்டொப்போடு முன்னால் நடந்தாள். மைனஸ் அறுபது... ஐம்பது... நாற்பத்தொன்று...

ஆனந்தராசா தேநீர் மேசையருகே நின்றார். ஒரு கையில் கோப்பை. மறு கையில் ரோல்ஸ். கண்ணைத் துடைத்துக்கொண்டே கடித்தார். அவள் அவரை நோக்கித் திரும்பினாள்.

எண் கூடியது. மைனஸ் ஐம்பத்தைந்து!

அவரிடம் இல்லை!

மறுபடி திரும்பினாள். முப்பத்தெட்டு... முப்பது... இருபத்தாறு...

மைனஸ் இருபத்தொன்று.

எதிரே பெட்டி. பெட்டிக்குள் குலேந்திரன். பட்டு வேட்டி. நெற்றியில் திருநீறு. மார்பு வரை செவ்வந்திப் பூ.

செத்தவர், தான் ஒளித்து வைத்த வைஃபையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொண்டிருந்தார்!

"மதாம், மூடப் போகிறோம். நேரமாகிவிட்டது." மண்டபத்து ஊழியர் இருவர் மூடியைப் பிடித்தார்கள். மணி பன்னிரண்டு நாற்பது. இன்னும் இருபது நிமிடத்தில் நெருப்பு.

"மூட வேணாம்!"

இருநூறு தலைகள் திரும்பின.

"ஆரிவள்?" "வேதக்காரியாம், கிறிஸ்தவள்!" "லப்டொப்போட வந்து நிக்கிறாள், வெக்கமில்லாமல்!"

ஆனந்தராசா கோப்பையை வைத்துவிட்டு விரைந்து வந்தார். "பிள்ளை! செத்தவீட்டைக் குழப்பாதை! மட்டக்களப்பில இருந்து வந்து எங்களுக்குச் சடங்கு காட்டுறியோ? தம்பிமார், மூடுங்கோ!"

றெபேக்கா பாலாம்பிகையைப் பார்த்தாள். "அக்கா, அண்ணையின்ர ஃபோனைப் பெட்டிக்குள்ள வச்சீங்களோ?"

"அது பொலிஸிட்ட. நான் ஏன் வைக்கிறன்?"

"வேற ஆரும் குனிஞ்சு அழுதாங்களோ? இப்ப, கொஞ்சம் முன்னுக்கு?"

பாலாம்பிகை யோசித்தாள். "தலைவர் அழுதவர். பெட்டிக்குள்ள தலையை விட்டு அழுதவர். இவருக்காக இவ்வளவு அழுகிற ஒரு ஆளோ எண்டு எனக்கே ஆச்சரியம்."

"தலைவரே, உங்கட ஃபோனை ஒருக்காத் தாங்க."

"ஃபோனோ? வீட்டில விட்டிட்டு வந்திட்டன்."

"காரில கெட்டிமேளம் அடிச்சது?"

ஆனந்தராசா கோட்டின் மேலிருந்த சின்னத்தைத் தடவினார்.

றெபேக்கா தன் ஃபோனை எடுத்தாள்.  பிறகு, காலையில் 'கார் நிக்குது' என்று வந்த அந்த எண்ணை அழுத்தினாள்.

ஒரு விநாடி.

இரண்டு விநாடி.

மூன்றாவது விநாடியில், சவப்பெட்டிக்குள் இருந்து கெட்டிமேளம் முழங்கியது!

செவ்வந்திப் பூக்கள் அதிர்ந்தன. யாரோ ஒரு பெண் கத்தினாள். மூடியைப் பிடித்திருந்த ஊழியர்கள் இரண்டடி பின்னால் பாய்ந்தார்கள். லண்டன் நேரலையில் யாரோ கைகூப்பும் பொம்மை ஒன்றை அனுப்பினார்கள்.

ஆரூரனின் கையிலிருந்த பிஸ்கட் விழுந்தது. கையுறை மாட்டிக்கொண்டு பூக்களை விலக்கினான். ஃபோன்! உறையில் சங்கத்தின் சின்னம்!

"அது... அழேக்க விழுந்திருக்கும்!" ஆனந்தராசா ஃபோனை வாங்கக் கையை நீட்டினார்.

"ஃபோன் விழுந்தது சரி" என்றாள் றெபேக்கா. "மூண்டு வருசமா வாசல் மிதிக்காத ஃபோனுக்குள்ள, சனிக்கிழமை பூட்டின றவுட்டர்ர பேர் எப்பிடி விழுந்தது?"

ஆனந்தராசா வாசலைப் பார்த்தார்.

"ஒவ்வொரு றவுட்டருக்கும் ஃபோன் ஒவ்வொரு முகவரி காட்டும். இந்த ஃபோன் அங்க காட்டின முகவரி பொலிஸிட்ட இருக்கு. ஒப்பிட அஞ்சு நிமிசம். அணைச்சுப் போட்டுப் பூவுக்குள்ள வச்சிருக்கலாமே தலைவரே?"

"அவ்வளவு சனத்துக்கு நடுவில எப்பிடி..." என்று தொடங்கி, அவர் வாயை மூடிக்கொண்டார்.

மிகவும் தாமதம்!

"ஏன் அங்கிள்?" ஆரூரனின் குரலில் முதல் தடவையாக ஆன்ட்டி, அங்கிள் விளையாட்டு இல்லை. "எலெக்ஷனுக்காகவோ? நாப்பது குடும்பத்துக்கோ?"

அந்தக் கேள்விதான் ஆனந்தராசாவை உடைத்தது. 'நாப்பது' என்ற சொல்லில் இருந்த ஏளனத்தை அவரால் தாங்க முடியவில்லை.

"பதினாறு வருசம் தலைவர் நான்! அங்கத்தவர் லிஸ்டில செத்தவையின்ர பேர் பதினெட்டு இருக்காம். அவையின்ர வாக்கிலதான் நான் வெண்டனானாம். அதைக் கண்டுபிடிச்சிட்டான் அந்தக் கஞ்சன்! செவ்வாய்க்கிழமை வரச் சொல்லி, ராஜினாமாவை ஃபோனில எழுதுவிச்சான். இப்பவே, எனக்கு முன்னால, எல்லாருக்கும் அனுப்பு எண்டான். பேஸ்மென்ற்றில சிக்னல் இல்லை எண்டன். என்ர ஃபோனைப் பறிச்சு, தானே வைஃபை போட்டுத் தந்தான்! பூட்டின கதவுக்கு முன்னால நிண்டு நாயை அதட்டுற மாதிரி, 'அனுப்படா' எண்டான்..."

அனுப்பவில்லை. கதவோரம் சாய்த்திருந்த ஐஸ் உடைக்கும் கம்பியை எடுத்திருக்கிறார்.

சட்டையை எரித்தார். கையுறையை எரித்தார். கம்பியை ஆற்றில் எறிந்தார். ஃபோனுக்குள் ஒரு பேர் உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியாது. அதெல்லாம் சின்னாக்களின் வேலை அல்லவா!

"செத்தவற்ற வாக்கில வெண்டவர்" என்றாள் றெபேக்கா. "செத்தவரே பேரைச் சொல்லித் தோக்கடிச்சிட்டார்."

ஆரூரன் விலங்கை மாட்டிவிட்டுத் தன் ஃபோனை எடுத்தான். பிரெஞ்சில் வேகமாகப் பேசினான். மூன்று மணி வழக்கு என்ற சொல் இரண்டு தடவை வந்தது. நிறுத்து என்ற சொல் மூன்று தடவை. வைத்துவிட்டு அவளிடம் வந்தான்.

"பின்னேரம் விட்டிடுவினம். மெர்சி, ஆன்... றெபேக்கா."

அவள் தலையை மட்டும் அசைத்துவிட்டு நிருஷாவை அழைத்தாள். "ரெண்டு பேருக்கும் சேத்துச் சோறு போடு. யது வாறார்."

மறுமுனையில் அழுகை. அவள் அதைக் கேட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள்.

வாசலருகே பாலாம்பிகை ஆனந்தராசாவை மறித்தாள்.

"நில்லுங்கோ! அவர் உங்களுக்குப் பாஸ்வேர்ட் போட்டுத் தந்தவரோ? இருபத்தாறு வருசம் சமைச்சுப் போட்டனான்! எனக்குத் தராததை, உங்களுக்கோ?"

விலங்கு மாட்டிய நிலையிலும் ஆனந்தராசாவின் உதட்டில் அந்தப் பழைய இளக்காரம் வந்தது.

"பெரிய பாஸ்வேர்ட்! கையால பொத்திப் பொத்தித்தான் அடிச்சவன். எனக்குத் தெரியாதோ? ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு!"



பாலாம்பிகை திரும்பினாள். பெட்டியருகே போனாள். கணவரின் முகத்தை நீண்ட நேரம் பார்த்தாள். பிறகு, மூடியைப் பிடித்தபடி நின்ற ஊழியர்களைப் பார்த்துச் சொன்னாள்.

"இனி மூடுங்கோ. ஒரு மணிக்கு முதலே எரிக்க ஏலுமோ எண்டும் ஒருக்காக் கேளுங்கோ!"